‘லூவேன்’ என்று கேட்காதீர்கள்

அன்புள்ள தம்பி,

வகுப்புகள் தொடங்குமுன் பெல்ஜியத்தின் லூவன் நகரைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது, எந்தக் குளிர்ச்சட்டை வாங்குவது, பொன்னி அரிசி கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அரிசி கிடைக்கும். சட்டையை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். குளிரைவிட மழைதான் இங்கே அதிகம் படுத்தும். ஊரைச் சுற்றுவதற்கு முன் ஊருக்கு வந்து சேர வேண்டுமல்லவா? அதைத்தான் நான் முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் 2003-இல் நான் வேறோர் ஊரில் போய் இறங்கியவன்.

அப்போது விமான நிலையத்திலிருந்து லூவனுக்கு நேர் ரயில் இல்லை. பிரஸ்ஸல்ஸ் போய் மாற வேண்டும். மதுரையில் மூன்று மாதம் படித்த பிரெஞ்சை நம்பி, பயணச்சீட்டுச் சாளரத்தில் ‘லூவேன்’ என்று கேட்டேன். பழைய புத்தகங்களில் பிரெஞ்சுப் பெயரைத்தான் படித்திருந்தேன். சீட்டு கிடைத்தது, ஓட்டின்யி என்ற நிலையத்தில் மாறச் சொன்னார்கள், மாறினேன். இரண்டு பெட்டிகளையும் பருப்புப்பொடி மூட்டையையும் இழுத்துக்கொண்டு, கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருந்த கடைசி நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்தால், கண்ணுக்கெட்டிய வரை என்னைவிட வயதான கட்டடம் ஒன்றுகூட இல்லை. 1425-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் எங்கே என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, “அது அந்த லூவேன், இது புதிய லூவேன்” என்றாள். வந்த வழியே ஓட்டின்யிக்குத் திரும்பி, அங்கிருந்து லூவனுக்கு வேறு ரயில் பிடித்தபோது இரவாகிவிட்டது.

லூவன் என்ற டச்சுப் பெயர், லூவேன் என்ற பிரெஞ்சுப் பெயர் இரண்டுக்கும் பின்னால் இருப்பது எழுத்துப்பிழை அன்று, ஒரு சண்டை. டச்சு பேசும் மண்ணில் இருந்த இந்தப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழிப் பிரிவும் இருந்தது. 1960-களில் “வாலோனியரே (பிரெஞ்சு பேசுவோரே), வெளியேறுங்கள்” என்று மாணவர்கள் தெருவில் இறங்க, 1968-இல் நாட்டின் அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்து, பிரெஞ்சுப் பிரிவுக்காக ஓட்டின்யி அருகே வயல்வெளியில் ஒரு புது ஊரே எழுந்தது, அதுதான் லூவேன்-லா-நெவ். நூலகத்தையும் பங்கு போட்டார்கள்: அலமாரி எண் ஒற்றைப்படை என்றால் ஓரிடம், இரட்டைப்படை என்றால் மற்றோரிடம். ஆகவே இங்கே யாரிடமும் ‘லூவேன்’ என்று சொல்லாதீர்கள். இப்போது விமான நிலையத்திலிருந்து நேர் ரயில் இருக்கிறது, கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விமான நிலையத்துக்கென்று பயணச்சீட்டில் தனிக் கட்டணம் சேர்வதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். ஆனால் ரயில் பலகைகள் மண்ணுக்கேற்ற மொழியில்தான் பேசும் என்பதை நினைவில் வையுங்கள்: பிரெஞ்சில் லியேஜ் என்ற ஊர் இங்கே லாய்க்.

பதினைந்து ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு, ‘நன்றி’ என்பதற்கு டச்சில் என்ன சொல் என்று தெரியாத நம்மவர்கள் பலர் உண்டு. ஆங்கிலமே போதும், டச்சு வேண்டாத சுமை என்று உங்களுக்கும் அறிவுரை சொல்வார்கள், பிறகு உள்ளூர்க்காரர்கள் ஒட்டமாட்டேன் என்கிறார்கள் என்று அவர்களே புலம்புவார்கள். நான் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றேன்; இன்று ரொட்டிக்கடை அம்மாள் என்னிடம் பேசுவது மழையைப் பற்றி மட்டுமன்று. அறை விஷயத்திலும் நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் நம்பாதீர்கள். மாணவர் அறையை இங்கே ‘கொட்’ என்பார்கள். ஊரிலிருந்தபடியே ஒரு கொட்டுக்கு முன்பணம் கட்டச் சொன்ன நம் ஊர்க்காரர் ஒருவர், நான் வந்து இறங்கிய பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. அறையைப் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

இனி உங்கள் ஒரு நாள். வார நாளாகத் தேர்ந்துகொள்ளுங்கள். வெள்ளி மாலை மாணவர்களெல்லாம் அழுக்குத் துணி நிறைந்த பெட்டிகளைக் கடகடவென உருட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஞாயிறன்று பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும். நிலையத்திலிருந்து நேரே நடந்தால் பெரிய சந்தைச் சதுக்கம் வரும். அங்கேயுள்ள நகர மன்றம் 1469-இல் முடிந்தது. ஆனால் அதன் 236 சிலைகளும் 19-ஆம் நூற்றாண்டில்தான் ஏறின, அதுவரை ஏறத்தாழ 400 ஆண்டுகள் மாடங்கள் வெறுமையாக நின்றன. எதிரிலுள்ள புனித பேதுரு ஆலயத்தில் டிரிக் பௌட்ஸ் 1464-68-இல் வரைந்த ‘இறுதி இராவுணவு’ ஓவியம், எந்த ஆலயத்துக்காக வரைந்தாரோ அங்கேயே இன்றும் இருக்கிறது. ஜெர்மனிக்குப் போய்விட்ட அதன் பக்கப் பலகைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கையிலேயே எழுதினார்கள்.

ஆனால் நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போங்கள். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை பழைய நூலகத்தைக் கொளுத்தியதில் ஏறத்தாழ 3 லட்சம் நூல்கள் சாம்பலாயின. அமெரிக்கர்கள் திரட்டித் தந்த பணத்தில் வேறிடத்தில், லாடேஸ சதுக்கத்தில், கோபுரத்தோடு கட்டிய புதிய நூலகம் 1928-இல் திறந்தது; 1940-இல் அதுவும் எரிந்தது, மறுபடியும் கட்டினார்கள். சுவரின் கற்களில் பணம் தந்த அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கற்களை வெறும் கற்களாகப் பார்க்க முடியவில்லை. முதல் மாதங்களில், வீட்டு நினைவு வந்தால் அங்கே போய் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு நிற்பேன்.

மதியம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்குவீர்கள். சைவம் என்றால் எதில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதுதான் இந்நாட்டின் பழைய வழக்கம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பிறகு தெற்கே நடந்து பெரிய பெகைன்ஹோஃபுக்குப் போங்கள். ஆயுட்கால நேர்ச்சை எடுக்காமல் பக்தி வாழ்க்கை வாழ்ந்த பெண்களின் குடியிருப்பு அது. 1962-இல் பல்கலைக்கழகம் வாங்கிச் செப்பனிட்டது, 1998-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. செங்கல் வீடுகளுக்கு நடுவே டைல ஆறு ஓடும். இன்றும் அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் குடியிருக்கிறார்கள். தயவுசெய்து சன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

மாலையில் பழைய சந்தைச் சதுக்கத்தின் மதுக்கடைகளை உங்கள் நண்பர்கள் காட்டுவார்கள், அதற்கு நான் வேண்டாம். ஆனால் வாடகை மிதிவண்டியில் திரும்புவதானால், முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். வேறு பலகையோ விளக்கோ இல்லாத தெருமுனையில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. நீங்கள் பெரிய சாலையில் போகிறீர்கள் என்ற எண்ணம் வேண்டாம். குடித்திருந்தால் வண்டியைத் தொடவே தொடாதீர்கள், மிதிவண்டிக்கும் அபராதம் உண்டு. விளக்கில்லாமல் வந்ததற்காக முதல் வாரமே அபராதம் கட்டியவன் நான். அந்தக் காவலர் டச்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். ஒரு சொல்லும் புரியாமல் ‘லூவேன், லூவேன்’ என்றேன். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் மாலையே டச்சு வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.