அம்மாவின் சேலையில் கத்தரி வைக்கலாமா?

கேள்வி: அம்மா தவறி இரண்டு வருடமாகிறது. அவர் கட்டிய சுங்குடிச் சேலை, மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லை, பழைய வீட்டுச் சாவி, கடைசியாக என்னைப் பார்க்க வந்த பஸ் டிக்கெட் இவற்றைச் சேர்த்துக் கையால் எம்பிராய்டரி செய்து சுவரில் மாட்ட ஆசை. சேலையோ தொட்டாலே நைகிறது. அக்கா, “அம்மா சேலையை வெட்டாதே” என்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அக்காவின் மனசு புரிகிறது. ஆனால் நம் வீடுகளில் பச்சைப்பிள்ளைக்குப் போடும் துணியே பாட்டியின் பழைய சேலையைக் கிழித்ததுதானே? தூளி கட்டியதும் அதில்தான். இதை அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, பிள்ளையையும் கணவனையும் பறிகொடுத்த பெண்கள், சில சமயம் காணாமல்போனவர்களின் உடுப்பையே வெட்டிச் சாக்குத்துணியில் வைத்துத் தைத்தார்கள்.

முந்தானையைத் தொட வேண்டாம். நைந்த உடல் பகுதியில் ஒரு முழம் எடுங்கள், போதும். துவைத்துச் சுருங்கவிட்ட மல் துணியை அடியில் வைத்து நூலோட்டிக்கொள்ளுங்கள். இனி பாரத்தை மல் துணி தாங்கும். வங்காளத்துக் காந்தா தையலில் அந்தக் காலத்தில் பழைய சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். நீங்களும் அம்மா சேலைக் கரையில் நாலு இழை உருவிப் பாருங்கள். பழைய நூல் சீக்கிரம் அறும்; சாண் நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள்.

வில்லைக்குத் துளை வேண்டாம். துணியில் சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துத் தைக்கும் கண்ணாடி வேலையில் செய்வது போல, குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என நூலை இறுக்கிப் போட்டு, அந்தச் சட்டத்தைப் பிடித்துச் சுற்றிலும் காஜா தையல் போடுங்கள். நூல் வில்லையின் விளிம்புக்கு நகர்ந்துவிடும். நடுவில் சுங்குடிப் புள்ளிகள் தெரியும். டிக்கெட்டில் ஊசி குத்தினால் அந்த வரிசையிலேயே கிழியும். மேலே, உள்ளிருப்பது தெரியும்படியான மெல்லிய ஆர்கன்சா துணியை வைத்துச் சுற்றி மட்டும் தையுங்கள். எதற்கும் பசை வேண்டாம். நாளாக ஆக அது மஞ்சளடித்துத் துணியை விறைக்கவைக்கும்.

சாவிதான் யோசனையாக இருக்கிறது. இரும்பென்றால் துருவேறித் துணியையே தின்றுவிடும். நானாக இருந்தால் சாவியைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, அந்த உருவத்தை மட்டும் தைப்பேன். சாவி பெட்டியிலேயே இருக்கட்டும்.

அப்புறம், சேலையில் மஞ்சள் கறை ஏதும் இருந்தால் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். அம்மா கைதுடைத்த இடமாக இருக்கும். அங்கிருந்தே தையலை ஆரம்பியுங்கள்.