இடுப்பில் தொளதொளக்கும் வெட்சூட்: உங்கள் கேள்விக்கு
மார்பளவுக்கு வாங்கிய வெட்சூட் (நீரில் மூழ்குவோர் குளிரைத் தாங்க அணியும் இறுக்கமான உடை) இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது, கணுக்காலில் சுருண்டு கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சுருள்வது பெரிய குறையன்று. மிஞ்சிய நீளத்தை வெட்டிவிடலாம். முதுகின் அடிப்பகுதியில் விழும் இடைவெளிதான் உண்மையான தொல்லை, ஏனெனில் உடையின் நியோப்ரீன் ரப்பருக்கும் தோலுக்கும் இடையே உடற்சூட்டில் வெதுவெதுப்பாகும் மெல்லிய நீர்ப்படலம், நீங்கள் குனிந்து நிமிரும்போதெல்லாம் வெளியேறி, அவ்விடத்தில் குளிர்நீர் புகுந்துவிடும். பெண்களுக்கான குட்டை அளவுகளும் பொருந்தாவிடில், அளவெடுத்துத் தைப்பதே மேல்.

பிசிடியை (நீருக்கடியில் மிதப்பைக் கட்டுப்படுத்தக் காற்று நிரப்பும் மேலங்கியை) வெட்சூட்டின் மேல் அணிந்து, முழுவதுமாகக் காற்று நிரப்பிப் பாருங்கள்: விலாவை இறுக்கி மூச்சு முட்டினாலோ, தோள்பட்டை காதை நோக்கி ஏறினாலோ அது உங்களுக்கானதன்று. முதுகுத் தகடும், ‘இறக்கை’ எனப்படும் முதுகுப்புறக் காற்றுப்பையும் கொண்ட பிசிடி வகையில் பட்டைகளை உடலுக்கேற்ப நறுக்கிக்கொள்ளலாம். மார்பை அழுத்தும் காற்றுப்பை முன்புறம் இராது என்பதால், என் தேர்வு அதுவே.