கிணத்துக்குள்ள வந்த அம்மனும் எட்டு லட்சமும்

கேள்வி: பக்கத்துக் காணியில கிணறு வெட்டேக்க ஒரு முழ உயரத்துல வெண்கல அம்மன் சிலை ஒண்டு வந்தது. கொழும்பு ஆள் ஒருத்தர் எட்டு லட்சம் தாறன், ஆனா ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, ஃபோட்டோவும் எடுக்கக்கூடாது எண்டுறார். தொல்பொருள் ஆக்களுக்குச் சொன்னா காணி போயிரும் எண்டு காணிக்காரருக்குப் பயம். வித்தா என்ன பிழை?
- வாசகர், மூதூர்

பதில்: சட்டத்தைச் சுருக்கமாச் சொல்லிட்டு வாறன். காணி ஆருடையதா இருந்தாலும் மண்ணுக்குள்ள கிடந்த தொல்பொருள் அரசாங்கச் சொத்து, 1940ஆம் ஆண்டுச் சட்டம் அது. விக்க உங்களுக்கு உரிமையே இல்ல.

இப்ப அந்த ஃபோட்டோ விசயத்துக்கு வாங்க. தமிழ்நாட்டு அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் எண்டொரு சின்ன ஊர், அந்தக் கோயில் நடராசரைக் களவெடுத்து, சுபாஷ் கபூர் எண்ட நியூயோர்க் வியாபாரி 2008இல ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டொலருக்கு மேல வித்தவர், டெல்லியில இருந்த சூடான் நாட்டு ராஜதந்திரி ஒருத்தர் வாங்கினது எண்டு பொய்க் கடுதாசியும் குடுத்து. எப்பிடிப் பிடிபட்டது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எப்பவோ அந்தக் கோயிலுக்குப் போய் எடுத்து வச்ச பழைய ஃபோட்டோ! 2014இல நடராசர் திரும்பி வந்தார், 2022இல சிலைக் களவு வழக்கொண்டுல கும்பகோணம் கோர்ட் கபூருக்கு 10 வருசம் மறியல் குடுத்தது. அந்தக் கொழும்பு ஆள் ஏன் ஃபோட்டோவுக்குப் பயப்படுறார் எண்டு இப்ப விளங்குதா? எட்டு லட்சம் சிலைக்கில்ல, உங்கட வாய்க்கு.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல தங்க முலாம் பூசின தாரா தேவி, பௌத்தப் பெண் தெய்வம், நிக்கிறா, ஏறக்குறைய ஒரு ஆள் உயரம், முந்தி இலங்கை ஆளுநரா இருந்த பிரவுன்றிக் 1830இல குடுத்தது. எங்க எடுத்தது எண்டு கேட்டா, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எங்கயோ எண்டுதான் சொல்லுவாங்க. எங்கயோ! அதுக்குள்ள உங்கட மூதூரும் வருது, வாகரையும் வருது. ஆனா 1950இல நம்மட திருகோணமலை டவுன்ல நகரசபை ஆக்கள் கிணறு வெட்டேக்க சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் வந்தாங்களே, போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடிக்கேக்க ஒளிச்சு வச்சதெண்டு அண்டைக்கே ஊர் முழுக்கத் தெரிஞ்சது, கடைசியில கோயிலுக்கே போய்ச் சேந்தது. அதுவும் கிணறுதான்.

காணிப் பயம் பொய் எண்டு நான் சொல்லமாட்டன். 2020இல கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கெண்டு ஜனாதிபதி செயலணி ஒண்டு போட்டவங்க, தொடக்கத்துல ஒரு தமிழரோ முஸ்லிமோ அதுல இல்ல, பயப்படாம என்ன செய்யிறது. அதுக்காக அம்மனைக் கள்ளனிட்டக் குடுத்தா காணி மிஞ்சுமா? சிலையைக் கழுவாதீங்க, பக்கத்துல ஒரு அடிமட்டம் வச்சு நாலு பக்கமும் ஃபோட்டோ எடுங்க, கிணத்தையும் எடுங்க, எத்தினை அடியில வந்தது எண்டு எழுதி வைங்க. பிறகு கோயில் ஆக்கள், கிராம சேவகர், தெரிஞ்ச லோயர் ஒருத்தர், எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்த் தொல்பொருள் திணைக்களத்துல எழுத்துல குடுத்து, உங்கட பிரதியில சீல் அடிச்சு வாங்குங்க. தனியாப் போகாதீங்க.

அடுத்த இதழுக்கு முதல் ஒரு வரி போடுங்க, சிலை இன்னும் இருக்கா இல்லையா எண்டு மட்டும்.