திருமணமாகாத தந்தைக்குத் தாய்க்கு நிகரான உரிமை தானாகவே கிடைக்குமா?

மணம் புரியாமல் குழந்தை பெற்றுப் பிரிந்த தந்தைக்கும் சமமான பராமரிப்பு உரிமை உண்டா என்பது உங்கள் கேள்வி. பல நாடுகளில் அது தானாக வந்துவிடுவதில்லை. பிரசவமே தாயை அடையாளம் காட்டிவிடுகிறது. கணவனைத் தந்தையெனச் சட்டம் ஊகித்துக்கொள்கிறது. திருமணமாகாதவரோ ஒப்புதலாலோ மரபணுச் சோதனையாலோ தம் தந்தைமையை நிறுவியாக வேண்டும்.

இங்கிலாந்தில் 2003 டிசம்பர் 1 முதல், தாயுடன் சேர்ந்து பிறப்பைப் பதிவுசெய்து சான்றிதழில் பெயர் இடம்பெறும் தந்தைக்குப் பெற்றோர் பொறுப்பு, அதாவது குழந்தை குறித்து முடிவெடுக்கும் சட்ட உரிமையும் கடமையும், கிடைத்துவிடுகிறது. அதைத் தவறவிட்டவர் தாயுடன் முறைப்படி ஒப்பந்தம் செய்ய வேண்டும் அல்லது நீதிமன்றத்தை அணுக வேண்டும். ஜெர்மனியில் தாய் மறுத்தால் கூட்டுப் பொறுப்புக்கு வழியே இல்லாதிருந்தது. அது பாகுபாடு என 2009இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியாவில் இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம், திருமணமாகாத பெற்றோரின் குழந்தைக்குத் தாயையே முதற்காப்பாளராக்கி, தந்தையை அடுத்த இடத்தில் வைக்கிறது.

சமவுரிமை என்றவுடன் பலர் வாரத்தின் நாட்களைச் சரிபாதியாகப் பங்கிடுவதையே நினைக்கிறார்கள் (வழக்காட வருவோரும் இதில் விதிவிலக்கல்ல). அறுவை சிகிச்சைப் படிவத்திலும் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்திலும் யார் கையெழுத்திடலாம் என்பது முடிவெடுக்கும் உரிமை. குழந்தை எங்கே உறங்கி எழுகிறது என்பது வேறு. முன்னதைப் பிறப்பிலிருந்தே இருவருக்கும் அளிப்பதில் தயக்கம் தேவையில்லை. பின்னதைக் குழந்தையின் வயதையும், இதுவரை அதைக் கவனித்துவந்தவர் யார் என்பதையும், வன்முறை ஏதும் இருந்ததா என்பதையும் பார்த்தே நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும்.