குதிரைக்குக் கிளிக்கர் பயிற்சி ஒத்துவருமா? கையில் தீனி கொடுத்தால் கடிக்கப் பழகிவிடாதா?

கேட்டிருப்பவரின் குதிரை பின்னங்காலைத் தூக்க விடுவதில்லை. கிளிக்கரை முயன்று பார்க்க ஆசை. ஆனால் "கையால் ஊட்டினால் குதிரை கெட்டுப்போகும்" என்று லாயத்தில் எல்லோரும் எச்சரிக்கிறார்களாம். அதே பின்னங்காலோடும் அதே எச்சரிக்கையோடும் நான் பல மாதம் போராடியிருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒத்துவரும். எச்சரித்தவர்களும் பொய் சொல்லவில்லை. என் பெட்டைக்குதிரை மின்னி, பயிற்சி தொடங்கிய முதல் வாரத்தில் என் சட்டைக் கையைப் பல்லால் கவ்வி இழுத்தது. பின்னங்காலைத் தொட்டாலே உதைத்துக்கொண்டிருந்த அதே மின்னி, நான்கு மாதம் கழித்துத் தானாகவே காலை உயர்த்தி என் உள்ளங்கையில் வைத்தது. இரண்டு நாளும் என் இடுப்புப் பையில் இருந்தது ஒரே தீனிதான். எதற்காகக் கொடுக்கிறேன் என்று எனக்கே தெளிவில்லாமல் கொடுத்த நாட்களில்தான் அது கடித்தது.

கிளிக்கர் என்பது உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்னப் பெட்டி. அழுத்தினால் "டிக்" என்று ஒலிக்கும். ஒலி வந்தால் தீனி வரும் என்று குதிரை தெரிந்துகொண்டுவிட்டால், தீனிக்கு முன் வரும் ஒலியைக் கேட்டாலே வாயூறப் பழகிய பாவ்லோவின் நாய்களுக்கு நடந்ததைப் போல, ஒலிக்கே ஒரு பொருள் வந்துவிடுகிறது: இதோ, இந்தக் கணத்தில் செய்தாயே, அதற்குத்தான். இது ஏன் தேவைப்படுகிறது என்று புரிய, குதிரையின் உடம்பு நீளத்தை எண்ணிப் பாருங்கள். நான் நிற்பது அதன் பின்பக்கம். தீனி போய்ச்சேர வேண்டியது வாய்க்கு. மின்னி தன் எடையை மறுகாலுக்கு மாற்றியது, எனக்கு மகிழ்ச்சி, உடனே இரண்டு எட்டு வைத்து வாயருகே போகிறேன். அதற்குள் கால் பழையபடி ஊன்றிவிட்டது, கழுத்து என் பக்கம் திரும்பிவிட்டது, மூக்கு பையைத் துழாவுகிறது. அந்த நேரத்தில் நான் கொடுக்கும் தீனி எதற்குக் கூலி? பையைத் துழாவியதற்கு. ஊட்டிக் கெடுத்த குதிரை என்று மற்றவர்கள் காட்டியவற்றில் நான் கவனித்துப் பார்த்த எல்லாமே இப்படிக் கெட்டவைதான். ஆசையாக வருடுவார்கள், பையில் கையை விடுவார்கள், குதிரை முட்டும், உடனே கொடுத்துவிடுவார்கள். முட்டினால் கிடைக்கும் என்பதைக் குதிரை மிகச் சரியாகக் கற்றுக்கொள்கிறது.

இந்த முறை குதிரை லாயத்தில் பிறந்ததல்ல. உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர், மேரியன் பிரெலண்ட் தம்பதி 1940களில் இதைப் பலவகை விலங்குகளுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு டால்பின் பயிற்சியாளர்கள் கிளிக்கருக்குப் பதில் விசிலை வைத்துக்கொண்டு இதை வளர்த்தார்கள். 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரயர் பின்னாளில் இதை நாய் வளர்ப்பவர்களிடையே பரப்பினார். 1990களில் அலெக்சாண்ட்ரா கர்லாண்ட் குதிரைகளுக்குப் பயன்படுத்தி நிறைய எழுதினார். டால்பின் வழியாக வந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. டால்பினுக்குக் கடிவாளம் போட முடியாது. பிடிக்கவில்லையென்றால் நீந்திப் போய்விடும். ஆகவே அதன் சம்மதத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. குதிரைக்கோ நம்மிடம் எப்போதும் கயிறும் லகானும் சாட்டையும் இருந்தன. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

வழக்கமான பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. லகானை லேசாக இழுக்கிறோம், குதிரை இணங்கியதும் தளர்த்துகிறோம். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. நல்ல கைகளில் அது மென்மையான மொழி. சவாரியின்போது நான் இன்றும் அதைத்தான் பேசுகிறேன். ஆனால் ஏற்கெனவே பயந்து கிடக்கும் ஒரு காலின் மேல் மேலும் அழுத்தம் சேர்த்தால், பயத்தோடு பயம்தான் சேர்கிறது.

இனி என் தவறுகள். முதலாவது, பசியோடு இருந்தால் ஆர்வமாகக் கற்கும் என்று நினைத்துக் காலைத் தீவனத்துக்கு முன் பயிற்சியை வைத்தேன். குதிரையின் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் சிறியது, அதில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். வெளியில் விட்டால் நாளுக்கு 16 மணி நேரம் வரைகூட மேயும் விலங்கு அது. பசித்த குதிரையின் முன் தீனிப் பையோடு நிற்பது அதைத் தவிக்கவிடுவது. சட்டைக் கை போனது அப்போதுதான். இப்போதெல்லாம் உலர்புல்லை வயிறாரத் தின்ற பிறகுதான் தொடங்குகிறேன். கடிப்பது பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிட்டது.

இரண்டாவது தவறு என் வலது கையில் இருந்தது. இரண்டு வாரம் ஆகியும் மின்னி கிளிக் ஒலிக்கு எந்த அசைவும் காட்டவில்லை. என் தம்பி கைப்பேசியில் எடுத்த காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் விளங்கியது: கிளிக் செய்வதற்குச் சற்று முன்பே என் கை பைக்குப் போய்விடுகிறது. மின்னி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, ஒலி அதற்கு வெறும் சத்தம். பெர்லினில் கணக்குப் போடும் குதிரை என்று புகழ்பெற்ற ஹான்ஸ், கேள்வி கேட்பவர் தம்மை அறியாமல் தலையை அசைக்கும் மிகச் சிறிய அசைவைப் பார்த்தே குளம்பால் தட்டுவதை நிறுத்தியது என்று 1907ல் ஓஸ்கர் ஃபங்ஸ்ட் கண்டுபிடித்துக் காட்டினார். அந்த நுட்பமுள்ள விலங்கின் முன் நாம் கையை மறைக்க முடியாது. கை அசையாமல் இருக்கட்டும், கிளிக், அதன் பிறகு கை. இந்த வரிசையை மட்டும் குதிரை இல்லாத இடத்தில் நூறு முறை பழகிக்கொள்ளுங்கள்.

முதல் பாடம் காலைப் பற்றியது இல்லை. வேலிக்கு இந்தப்பக்கம் நீங்கள், அந்தப்பக்கம் குதிரை. அது மூக்கை நீட்டிப் பையைத் தேடும். தள்ளாதீர்கள், அதட்டாதீர்கள், பின்வாங்கவும் வேண்டாம். தலை உங்களை விட்டு ஒரு விரல் அகலம் விலகினால் கிளிக். பிறகு கையை உங்கள் உடம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நீட்டி, குதிரையின் நெஞ்சுக்கு நேராக, அதன் தலை இருக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள். தீனி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் வாய் காத்திருக்கும்.

மின்னிக்கு அது தற்செயலாகத்தான் தொடங்கியது. மேலுதட்டால் என் பையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தபோது எங்கோ ஒரு நாய் குரைத்தது. மின்னி அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. கிளிக். திடுக்கிட்டு என்னைப் பார்த்தது, தீனியை வாங்கிக்கொண்டது, பிறகு மறுபடி பை. இப்போது இன்னும் வேகமாக, மூக்கால் முட்டி. முன்பு பலித்தது பலிக்காமல் போகும்போது எந்த விலங்கும் விடுவதற்கு முன் ஒருமுறை முழுப்பலத்தோடு முயன்று பார்க்கும். வேலி இருப்பது அந்த நேரத்துக்காகத்தான். காத்திருந்தேன். மூக்கு நின்றது. தலை சற்றே விலகியது. கிளிக். ஏழெட்டு முறைக்குப் பிறகு, நாயும் குரைக்கவில்லை, எந்தச் சத்தமும் இல்லை, மின்னி வேண்டுமென்றே தலையை நேராக முன்னால் வைத்துக்கொண்டு நின்றது. ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. "இதுவா கேட்கிறாய்?" என்று கேட்கும் காது. குதிரைகளோடு எத்தனையோ ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒரு குதிரை என்னிடம் கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

சில நடைமுறை விஷயங்கள். கிளிக் செய்துவிட்டால் தீனி கொடுத்தே ஆக வேண்டும், தவறாகச் செய்த கிளிக்காக இருந்தாலும். காரட்டை வட்ட வில்லைகளாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்குங்கள், வட்டத் துண்டு உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. குளம்பு அழற்சி வந்த குதிரை என்றால் இனிப்பான எதுவும் வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் உலர்புல்லை அழுத்திச் செய்த சிறு உருண்டைகளை, அன்றாடத் தீவனக் கணக்கிலிருந்தே இருபது எண்ணி எடுத்துக்கொள்கிறேன். இருபதும் தீர்ந்தால் பாடம் முடிந்தது; ஐந்து நிமிடம்கூட ஆகாது. வெறுங்கையைக் காட்டிவிட்டு, ஒரு கை புல்லைத் தரையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். பெட்டியின் ஒலிக்கு மிரளும் குதிரைகள் உண்டு. துணியில் சுற்றிக்கொள்ளலாம், அல்லது நாக்கால் ஒலி எழுப்பலாம். ஆனால் "நட" என்பதற்கு ஏற்கெனவே நாக்கொலி பழகிய குதிரை என்றால் வேறு ஒலி தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, கோலின் நுனியில் ஒரு பந்தைச் செருகி, அதை மூக்கால் தொடக் கற்றுக்கொடுங்கள். பந்தை மூக்குக்கு நேர் முன்னால் நீட்டாதீர்கள், அந்த இடம் குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டில் காட்டுங்கள். சிவப்பும் பச்சையும் அதற்குப் பிரித்தறியக் கடினம், மஞ்சளோ நீலமோ நல்லது. இது விளையாட்டுப் போலத் தெரியும். ஆனால் 2001ல் வெளியான ஃபெர்குசன், ரோசாலஸ்-ரூயிஸ் ஆய்வில், அதுவரை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றப்பட்டுவந்த ஐந்து பெட்டைக்குதிரைகள் இப்படி ஓர் இலக்கைத் தொடக் கற்று, அந்த இலக்கு வண்டிக்குள் போகப் போகத் தாமாகவே ஏறின. பயிற்சியாளரையும் வண்டியையும் மாற்றியபோதும் ஏறின.

இப்போது உங்கள் பின்னங்கால். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். மூட்டில் வலி இருக்கும் குதிரையை எந்தத் தீனியாலும் ஏமாற்றக் கூடாது. வலி இல்லை என்று உறுதியானபின், உதை எட்டாத தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். நான் ஒரு நீளக் கோலில், உள்ளே துணி அடைத்த கையுறையைக் கட்டிக்கொண்டேன். தம்பி தலைப்பக்கம் நின்று தீனி கொடுத்தான், கிளிக் மட்டும் என்னுடையது. முதுகில் தொட்டேன், கிளிக். இடுப்பு, கிளிக். தொடைக்கு வந்ததும் தம்பி சொன்னான்: "அக்கா, மூச்சை அடக்குகிறது." பின்னால் நின்ற எனக்கு அது தெரியவே இல்லை. கால் ஒன்றும் செய்யவில்லை, வால்கூட ஆடவில்லை, மூக்குத் துளைகள் மட்டும் இறுகியிருக்கின்றன. உதை என்பது அங்கே தொடங்குகிறது. அன்று தொடையோடு நிறுத்தி இடுப்புக்கே திரும்பினோம். மூச்சு விட்டால்தான் கிளிக் என்று வைத்துக்கொண்டபின் எல்லாமே மாறத் தொடங்கியது.

கையுறை கணுக்கால்வரை போய்ச்சேர ஐந்து வாரம் ஆனது. பிறகு என் சொந்தக் கை. பிறகு எடையை மாற்றியதற்கு, குதிகால் தரையை விட்டு எழும்பியதற்கு, குளம்பு முழுவதும் எழும்பியதற்கு, அரை நொடி பிடித்ததற்கு, இரண்டு நொடிக்கு. ஐந்து நொடி வந்ததும் பேராசைப்பட்டு அரத்தை எடுத்து ஒரு தேய் தேய்த்தேன். காலைப் பிடுங்கிக்கொண்டது, இரண்டு வாரம் பின்னுக்குப் போனோம். அரத்தின் சத்தத்தைத் தனியாக, தொடுதலைத் தனியாகப் பழக்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று: கால் தூக்கினால் தீனி என்று தெரிந்துகொண்ட மின்னி, உடம்பு தேய்க்கும்போதும் தண்ணீர் காட்டும்போதும் காலை நீட்டத் தொடங்கியது. "கால்" என்று சொல்லித் தொட்டால் மட்டும் கிளிக், கேட்காமல் தூக்கினால் ஒன்றும் இல்லை என்று ஒரு வாரம் பிடிவாதமாக நின்ற பிறகு ஒழுங்குக்கு வந்தது. இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். ஆளைத் துரத்திக் கடிக்கும் ஆண்குதிரை என்றால் மட்டும் தனியாகத் தொடங்க வேண்டாம், இந்த முறையில் பழகிய கை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

லாடம் அடிப்பவர் வந்த அன்று, முந்தைய தடவைகளைப் போலவே, "மூக்குக் கயிறு எடுக்கட்டுமா அம்மா?" என்று கேட்டார். மூக்கு நுனியை இறுக்கிக் குதிரையை அடக்கும் கயிறு அது. வேண்டாம், கொஞ்சம் பொறுமையாகச் செய்தால் போதும் என்றேன். இரண்டு முன்னங்குளம்புகளும் வழக்கம்போல முடிந்தன. இடது பின்னங்காலை "கால்" என்று சொல்லித் தொட்டேன்; மின்னி தூக்கியது, அவர் மடியில் வாங்கிக்கொண்டார். பாதியில் ஒருமுறை காலை இழுத்துக்கொண்டது. அவர் கையை எடுத்துவிட்டு அப்படியே குனிந்தபடி காத்திருந்தார். மின்னி ஒரு நீண்ட மூச்சு விட்டது, காலைத் திரும்ப உயர்த்தியது. அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மூன்று குளம்பு முடிந்தபோது அதன் மூக்கைச் சுற்றி இறுக்கம் தெரிந்தது, அதனால் அன்றைக்கு நிறுத்தச் சொன்னேன். நான்காவது குளம்பை மறுநாள் வந்து செதுக்கிக்கொடுத்தார்.