ஸ்ரெப்ரெனிட்சா, சூடான், மிச்ச மாத்திரைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூலை 11 அன்று எங்கள் வாசகர் வட்டத்தில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா இனப்படுகொலையில் இறந்தவர்களுக்கு நினைவுக்கூட்டம் வைக்கிறோம். கூடவே, சூடான் போரில் சிக்கிய மக்களுக்கு அனுப்ப வீடுவீடாக மிச்ச மாத்திரைகளும் பழைய துணிகளும் சேர்க்கிறோம். ‘30 வருஷத்துக்கு முந்தைய கதை, இன்று வெறும் எண்தானே’ என்கிறார்கள் சிலர். என்ன சொல்வது?

கே. ஆர்., தென்காசி

அன்புள்ள கே. ஆர்.,

அந்த எண் ஸ்ரெப்ரெனிட்சாவுக்கு அருகே போட்டோச்சாரி நினைவிடக் கல்லில் பொறித்திருக்கிறது: 8372. அதிலிருந்து ஒவ்வொரு ஆளாக மீட்ட கதையையே கூட்டத்தில் சொல்லுங்கள்.

1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படையினர் அங்கிருந்த முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று மொத்தமாகப் புதைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில், தடயத்தை மறைக்க, அதே குழிகளை மண்வாரி இயந்திரத்தால் தோண்டி, லாரியில் ஏற்றி, வேறு இடங்களில் கொட்டினார்கள். இயந்திரத்தின் வாளி உடல்களைத் துண்டாக்கியது. ஒரே ஆளின் எலும்புகள் பல கிலோமீட்டர் தள்ளி இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தன. சட்டை, செருப்பை வைத்து அடையாளம் காண்பது பெரும்பாலும் பலிக்கவில்லை.

பிறகு காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் உறவினர்களின் விரல் நுனியிலிருந்து சில சொட்டு ரத்தம் எடுத்து, எலும்பின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டது. பெற்றோர், பிள்ளைகளின் ரத்தம்தான் நன்றாக உதவும். தனியாக ஒரு தம்பியின் ரத்தம் பல நேரம் போதாது. அண்ணன் தம்பி இருவருமே பிள்ளையில்லாமல் செத்திருந்தால், எலும்பு அவர்களில் யாருடையது என்று பெற்றோரின் ரத்தம் சொல்லாது. எலும்பின் வயதைப் பார்க்கவேண்டும். குடும்பமே அழிந்த இடத்தில் ரத்தம் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

முதல் பொருத்தம் 2001 நவம்பரில். 2003 மார்ச் 31 அன்று 600 பேரை அடக்கம் செய்தார்கள். இதுவரை சுமார் 7000 பேருக்குப் பெயர் திரும்பியிருக்கிறது. மகனின் தொடை எலும்பு மட்டும் கிடைத்தது என்று தகவல் வரும். இப்போதே புதைப்பதா, மிச்சமும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா? புதைத்தபின் இன்னொரு எலும்பு கிடைத்தால் கல்லறையைத் திரும்பத் திறக்கவேண்டும். வயதான தாய்மார்கள் இந்த முடிவை எடுக்கவேண்டியிருந்தது.

மாத்திரைச் சேகரிப்பை உடனே நிறுத்துங்கள். இதற்கும் போஸ்னியாவே சாட்சி. 1992 முதல் 1996 வரை அங்கே வந்த நன்கொடை மருந்தில் பாதிக்குமேல் பயன்படாதவை. ஏறத்தாழ 17,000 டன். போரில் நொறுங்கிய நாடு அந்தக் குப்பையையும் சேர்த்துச் சுமந்தது. வெட்டிய அட்டையில் காலாவதித் தேதி போய்விடும், சில நேரம் மருந்தின் பெயரும். நம் ஊர் வணிகப் பெயர் அங்குள்ள மருத்துவருக்குப் புரியாது. நோயாளி வாங்கி மிச்சம் வைத்ததை அனுப்பவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்கவேண்டும் என்பதும்தான். துணிக்குப் பிரிப்புக்கூலியும் கப்பல் கூலியும் துணியின் விலையைத் தாண்டும். உள்ளூரிலேயே கொடுத்துவிடுங்கள்.

பணமாக அனுப்புங்கள். சூடானில் அந்தந்தப் பேட்டை இளைஞர்களே அவசர உதவிக் குழுக்களாகச் சேர்ந்து பொதுச் சமையற்கூடங்கள் நடத்துகிறார்கள். காசு கிடைத்தால் சந்தையில் கிடைக்கும் தானியமும் பருப்பும் வாங்கிச் சமைப்பார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றதும் நூற்றுக்கணக்கான கூடங்களில் அடுப்பு அணைந்தது. நேரடியாக அனுப்ப வழியில்லையென்றால் உலக உணவுத் திட்டம், எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகளுக்குக் கொடுக்கலாம்.

கூட்டத்தில் பெயர்களை வாசியுங்கள். ஒரு பெயருக்கு 4 விநாடி வைத்தாலும் 8372 பேருக்கு 9 மணி நேரத்துக்குமேல் ஆகும். அதனால் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களை மட்டும் எடுத்து, பிறந்த ஆண்டோடு வாசியுங்கள். போஸ்னிய உச்சரிப்பை முன்னதாகக் கேட்டுத் தமிழில் எழுதி, வாசிப்பவர்களிடம் இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.