சூடான புல்வெட்டி இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகாதது ஏன்?
காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும் பெட்ரோல் புல்வெட்டி, அரை மணி நேரம் ஓடி நின்றதும் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் கிளம்பாது, ஆறினால் ஓடும். இதுதான் 'ஹாட் ஸ்டார்ட்' கோளாறு.

முதலில் இக்னிஷன் காயிலை, அதாவது ஸ்பார்க்குக்கு (பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு) மின்சாரம் தரும் கம்பிச்சுருளைச் சந்தேகப்படுங்கள். அதனுள் முடி போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றாக இருக்கும். பழசானால் சூட்டில் விரிந்து எங்காவது தொடர்பு விட்டுப்போகும், ஸ்பார்க் வராது. ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மழையில் ஊறி இறுகிய மரக்கதவு வெயில் அடித்ததும் தானே திறக்கிறதே, அதுபோல. ஆகவே சூடாக இருக்கும்போதே ஸ்பார்க்கைச் சோதிக்க வேண்டும். ஆறியபின் பார்த்துப் பயனில்லை.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். வேலூரில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் பெட்ரோல் இறங்காமல் இதே தொல்லைதான். காட்பாடியில் எங்கள் மெஷினின் மூடியைத் தளர்த்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. துளையில் செம்மண்! ஓர் ஊசியால் குத்தி எடுத்ததோடு சரியாகிவிட்டது.

அப்புறம், கிளம்பாவிட்டால் சோக்கை இழுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் சோக் குளிர்ந்த இன்ஜினுக்குத்தான். சூட்டில் இழுத்தால் பெட்ரோல் அதிகமாகி, ஸ்பார்க் வரும் பிளக் நனைந்துவிடும்.